குன்வி பார்த்த வெள்ளை வளையங்கள்

ஒரு காரின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் போதும், அது எங்கே நின்று பழகிய கார் என்று குன்வி சொல்லிவிடுவாள். கடலைப் பார்த்து நிற்கும் காரின் முகத்தில் உப்பு நறநறக்கும். லிண்டன் மரத்தடியில் நிற்பதன் கூரை பிசுபிசுக்கும். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோட்டக் குழாயின் தண்ணீர் படும் தூரத்தில் நிற்கும் காரை மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளியே தெரியும், ஒரு பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வளையங்கள்.

கோட்லாந்துத் தீவின் தெற்குப் பக்கம், ஹெம்சேயிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில், ஒரு காலத்தில் பால் நிலையமாக இருந்த கல் கட்டடத்தில் அவள் தொழில் நடந்தது. உள்ளே எப்போதும் குளுமையாக இருக்கும். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். கூரையில் விழும் மழை மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளில் போய்ச் சேரும்படி அவளே தகரம் அடித்து வைத்திருந்தாள். கார் கழுவ அந்தத் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீரை அவள் காரின் பக்கமே கொண்டுவர மாட்டாள். தீவே சுண்ணாம்புக் கல். மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, போகும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. இங்கே எந்த வீட்டுக் கெட்டிலைத் திறந்தாலும் அடியில் முட்டை ஓடு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும்.

குன்விக்கு ஐம்பத்திரண்டு வயது. உயரமான, சாவகாசமான பெண். நடக்கும்போது எதையோ கேட்டுக்கொண்டே நடப்பதுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மழை நாட்களில் அவளை ஜன்னலோரம் உட்கார விடமாட்டார்கள். கண்ணாடியில் ஒரு துளி நின்றால், அந்தத் துளிக்குள் பள்ளி மைதானமும் கொடிக்கம்பமும் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவாள். "குன்வி, எங்க போயிட்டே? திரும்பி வா," என்பார் டீச்சர். வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் போன இடத்திலிருந்து முழுசாகத் திரும்பி வந்தவள் இல்லை.

இருபது வயதில் படகில் வேலைக்குச் சேர்ந்தாள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடுகிற பெரிய படகு. பயணிகள் எல்லாரும் மேலே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே கார்த் தளத்தில் ஆள் இருக்கக் கூடாது, கூட்டித் துடைப்பவர்களைத் தவிர. பத்தொன்பது வருடம் அவள் அந்தத் தளத்தில் நடந்தாள். வரிசை வரிசையாக இருநூறு, முந்நூறு கார்கள் ஆளில்லாமல் நிற்கும். மழையில் ஏறியவற்றின் மேல் துளிகள் இருக்கும். இன்ஜின் அதிர்வில் அத்தனை துளிகளும் ஒரே நேரத்தில் நடுங்கும். துடைப்பத்தைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடலுக்கு அடியில் ஏதோ ஒரு கூட்டம் மூச்சுவிட்டுக்கொண்டு தூங்குவதுபோல் அவளுக்குத் தோன்றும்.

இடையில் ரூனே என்பவனோடு கல்யாணம் நடந்தது. நல்லவன். பேச்சுத் துணை வேண்டும் என்று நினைக்கிறவன். ஆறாம் வருடத்தில் ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "குன்வி, உன்கூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணுதான். தனியா இருந்தா ரேடியோவாவது சத்தமா வெச்சுக்கலாம்," என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அவளுக்கும் கோபம் வரவில்லை. அவன் பெருநிலத்தில் வெஸ்டர்விக்கில் குடியேறி வேறு கல்யாணம் செய்துகொண்டான். கிறிஸ்துமஸுக்கு இன்றைக்கும் வாழ்த்து அட்டை வரும், அவன் மனைவியின் கையெழுத்தில்.

முப்பத்தொன்பது வயதில் முதுகு பிடித்துக்கொண்டது. படகு வேலை போயிற்று. பெருநிலத்தில் நோர்ஷோப்பிங்கில், காரின் பெயிண்ட் மேல் கண்ணாடிபோல இறுகிக் காக்கும் செராமிக் கோட்டிங் போடச் சொல்லித்தரும் நான்கு நாள் வகுப்பு ஒன்று இருப்பதாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொன்னார்கள். போனாள். முதல் நாள் பயிற்சியாளர் ஒரு கறுப்புக் கதவை மேஜையில் படுக்க வைத்து, பாதிக்குக் கோட்டிங் போட்டுக் காய வைத்து, முழுக் கதவின் மேலும் தண்ணீர் தெளித்தார். சும்மா இருந்த பாதியில் தண்ணீர் சப்பையாகப் படர்ந்தது. கோட்டிங் போட்ட பாதியில் துளிகள் எழுந்து நின்றன. உருண்டையாக, தனித்தனியாக, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஜன்னலோடு. மற்றவர்கள் குறிப்பெடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோதும் குன்வி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

அப்படித்தான் தொழில் பிடிபட்டது. பதின்மூன்று வருடத்தில் தெற்குக் கரையில் பாதிக் கார்கள் அவள் கை பட்டவை. கோடையில் பெருநிலத்திலிருந்து வருகிறவர்களும் வருவார்கள். அவர்களோடுதான் வருடா வருடம் ஒரே சண்டை.

"கோட்டிங் போட்டா ஒண்ணும் ஒட்டாதுன்னீங்க. இப்பப் பாருங்க, கார் முழுக்க அம்மை போட்ட மாதிரி!"

"எதுல கழுவுனீங்க?"

"வாடகை வீட்டுக் குழாயில. வெயில்ல நிறுத்தி நல்லாவே கழுவினேன்."

"தொடச்சீங்களா?"

"தானே காஞ்சிருச்சு."

"அங்கதான் விஷயம்," என்பாள் குன்வி. "செராமிக்னா பீங்கான்தானே. உங்க வீட்டுல கைகழுவுற தொட்டியும் பீங்கான்தான். அதுல கறை படியறதில்லையா?"

கோட்டிங் தண்ணீரைத் துளியாக நிறுத்தி வைக்கிறது. வண்டி ஓடினால் துளி உருண்டு ஓடிவிடும். நின்ற இடத்திலேயே வெயில் பட்டால் தண்ணீர் மட்டும் போய்விடும், அது சுமந்து வந்த சுண்ணாம்பு வளையமாகத் தங்கிவிடும். அன்றைக்கே வந்தால் மெல்லிய அமிலக் கரைசலில் ஒரு துடைப்பு. வாரக்கணக்கில் வெயிலில் வெந்துவிட்டால் வளையம் கோட்டிங்கையே அரித்து உள்ளே இறங்கிவிடும். அப்புறம் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். இதை அவள் எல்லாரிடமும் ஒரே குரலில், பொறுமையாகச் சொல்வாள். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள்.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் பெய்ததுதான் மழை. மே மாதம் முழுக்க வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலக் கிடந்தது. ஜூனில் செம்மறிகள் மேயும் தரை பழுப்பாகிவிட்டது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆழ்கிணற்றில் நீர்மட்டம் இறங்க, கிணற்றுச் சங்கத் தலைவர் அல்ரிக் ஒவ்வொரு தபால் பெட்டியிலும் தாள் போட்டார். ரப்பர் குழாய் எதற்காகவும் பயன்படுத்தக் கூடாது. தோட்டத்துக்கு இல்லை, காருக்கு இல்லை, பிள்ளைகள் குளிக்கும் ரப்பர் தொட்டிக்கும் இல்லை.

அல்ரிக்குக்கு அறுபத்தெட்டு வயது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சட்டையின் மேல் பொத்தானைக் கோடையிலும் போட்டிருப்பார். தாள் போட்டதோடு விடவில்லை, தினமும் காரில் மெதுவாகச் சுற்றி வந்தார். ஊரில் அவருக்குக் குழாய்ப் போலீஸ் என்று பெயர் விழுந்தது. குன்வியின் இடத்துக்கும் வந்து தொட்டிகளைத் தட்டிப் பார்த்தார்.

"இது மழைத் தண்ணிதானே?"

"ஆமா."

"கிணத்துக் குழாய்க்கும் இதுக்கும் தொடர்பு ஏதும் இல்லையே?"

"நக்கிப் பாருங்க. கெட்டில் வாசம் வராது."

உண்மையாகவே விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பக்கத்தில் ஐஸ்கிரீமும் காபியும் விற்கும் சிறு கடை வைத்திருந்த மைவோர்தான் அவர்மேல் தீராத ஆத்திரத்தில் இருந்தாள். குன்வியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். குட்டையாக, சிவந்த கன்னத்தோடு, ஊருக்கே சேர்த்துப் பேசுகிறவள். கடை முன்னால் அவள் வளர்க்கும் டாலியாச் செடிகளைப் பார்க்கவே சிலர் வண்டியை நிறுத்துவார்கள். தடை வந்த மூன்றாம் நாள் விடியலில் குழாயைத் திறந்தவள், நிமிர்ந்தால் வேலிக்கு வெளியே அல்ரிக்.

"மைவோர், இது நாப்பத்திரண்டு வீட்டுத் தண்ணி," என்றார். நின்றுகொண்டே இருந்தார். அவள் குழாயை மூடினாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், பத்தவில்லை. இரண்டு வாரத்தில் செடிகள் கரிந்தன. "அந்த ஆளு வீட்டுல மட்டும் ஒரு சொட்டு ஒழுகட்டும்டி, ஊரைக் கூட்டிக் காட்டறேன் பாரு," என்று குன்வியிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் முதல் நாள் சாயங்காலம் அவள் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததைக் குன்வி பார்த்திருந்தாள்.

நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, அல்ரிக் தன் கருநீலக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"சனிக்கிழமை என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். பொண்ணைக் கோயிலுக்கு நான்தான் அழைச்சுட்டுப் போறேன்," என்றார். "பின்பக்கம் கொஞ்சம் புள்ளியா இருக்கு. வினிகர் போட்டுத் தேய்ச்சேன். இன்னும் மோசமாயிடுச்சு."

"தண்ணி கலக்காத வினிகரா?"

"கலக்கணுமா?"

"ரெண்டு நாள் ஆகும். விட்டுட்டுப் போங்க."

அவர் டிக்கியிலிருந்து சைக்கிளை இறக்கி, பேன்ட்டின் கணுக்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு, முதுகு நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு போனார்.

குன்வி கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காரைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் வெறும் தூசி. வலப்பக்கம் தூசி. இடப்பக்கப் பின்கதவிலிருந்து பின்விளக்கு வரைக்கும் வெள்ளைப் புள்ளிகள் வில்லாக வளைந்து போயின. குனிந்து பார்த்தாள். வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொன்று. ஒரு நாள் தெறித்ததில்லை. ஒரே இடத்தில், ஒரே உயரத்துக்கு, தினமும் தெறித்துத் தினமும் காலை வெயிலில் காய்ந்தது. பத்து நாளாவது இருக்கும். மழையும் இல்லை, கடலும் இல்லை. விரலால் சுரண்டினால் கெட்டில் சுண்ணாம்பு.

மழையே இல்லாத ஊரில், குழாயே திறக்கக் கூடாத ஊரில், குழாய்ப் போலீஸின் காரில் அந்த வில். அவள் விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நீலக் கதவு ஏரி மாதிரி இருந்தது. அதன் மேல் வளையங்கள், யாரோ சின்னச் சின்னக் கல்லாக எறிந்து, அலைகள் விரியும்போதே உறைந்துவிட்டது போல. அழகாகத்தான் இருந்தது. இதைச் செய்தவர் திருடரா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

மழைநீரில் மெதுவாகக் கழுவினாள். கரைசலைத் துணியில் நனைத்து, ஒரு கையகல இடத்தில் வைத்து, முப்பது எண்ணி, வழித்தெடுத்தாள். வளையங்கள் ஒவ்வொன்றாகக் கலங்கி, பால்போலாகி, இல்லாமல் போயின. அடுத்த கையகலம். இந்த வேலையில் அவளுக்கு நேரம் தெரியாது. பிற்பகலாகிவிட்டது. பின்கதவில் மட்டும் முப்பது நாற்பது வளையங்கள் அசையவில்லை. கோட்டிங்கை அரித்து உள்ளே போயிருந்தன. வினிகரும் தன் பங்குக்கு ஒரு மங்கலைப் பரப்பியிருந்தது.

மறுநாள் காலை அந்தக் கதவைத் தேய்க்க பாலிஷ் மெஷினை எடுத்தபோது, வாசலில் மைவோரின் மரக்காலணிச் சத்தம் கேட்டது. கையில் காபிக் குடுவையும், குங்குமப்பூ போட்ட அரிசி அடைத் துண்டு இரண்டும்.

குன்வி யோசிக்கவில்லை. மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் பின்கதவின் மேல் போட்டாள்.

"யாரு காருடி இது? குழாய்ப் போலீஸோடதா?" மைவோர் அடைத் தட்டைப் பெஞ்சில் வைத்தாள். "என்ன மூடி வெச்சிருக்க?"

"கோட்டிங். தூசி படக் கூடாது."

"நேத்து சைக்கிள்ல போனாரு மனுஷன். எங்க இடிச்சாராம்?"

"இடிக்கல. கல்யாணத்துக்குப் பளபளன்னு வேணுமாம்."

"பளபளப்புக்குத் தண்ணி வேணாமோ அவருக்கு?" மைவோர் தார்ப்பாயின் ஓரத்தைக் கட்டைவிரலால் தூக்கப் போனாள்.

"தொடாத, மைவோர்," என்றாள் குன்வி. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மைவோர் கையை எடுத்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து குன்வி அவளிடம் அப்படிப் பேசியதில்லை. "சரி தாயே, தொடல," என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் காபி குடித்து, மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். குன்விக்கு அன்று முழுக்க மனசு சரியாக இல்லை. தோழியிடம் பொய் சொன்னோம், அதுவும் யாருக்காக?

கதவைத் தேய்த்தாள். புதுக் கோட்டிங்கைச் சின்னத் துணியில் தொட்டுக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டாள். அது காற்றில் இறுகும்போது ஒரு நிமிடம், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்போல, வானவில் நிறம் ஓடி மறையும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அல்ரிக் வந்தார். வெயில் இன்னும் உச்சியில் நிற்பதுபோல் இருந்தது. காரைச் சுற்றிப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "புதுசு மாதிரி இருக்கு," என்றார்.

"திரும்ப அதே எடத்துல நிறுத்தினா சனிக்கிழமைக்குள்ள மறுபடி வந்துடும்," என்றாள் குன்வி.

"எந்த எடத்துல?"

"குழாய் எங்க பொத்துப் போயிருக்கோ அங்க."

அவருக்குக் கழுத்திலிருந்து காதுவரை மெதுவாகச் சிவந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"மைவோர்கிட்டச் சொல்லிட்டியா?"

"யார்கிட்டயும் சொல்லல."

"ஏறு," என்றார். "வந்து பாரு. பார்த்துட்டு அப்புறம் என்ன வேணா சொல்லு."

அவர் வீட்டுக்குப் பின்னால், ஜூனிப்பர் புதர்களைத் தாண்டி, கைவிட்ட சுண்ணாம்புக் கல் குழி ஒன்று இருந்தது. முற்றத்துக் குழாயிலிருந்து ஒரு பழைய ரப்பர் குழாய் புல்லுக்குள் ஒளிந்து அதற்குள் இறங்கியது. முற்றத்தில் அது வளையும் இடத்தில் ஒரு வெடிப்பு. கல் படிகளில் இறங்கினார்கள். அடியில், மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போட்ட அளவுக்குக் குளம். அவ்வளவுதான். சுற்றிலும் காய்ந்த சேற்றில், ஏப்ரலில் அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்ற கோடுகள்.

"முட்டி போட்டு உட்காரு. நிழல் விழாம," என்றார்.

முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெளிந்த தண்ணீர், வெள்ளை அடி. பிறகு தண்ணீரிலேயே ஒரு துண்டு திரும்பிப் பார்த்தது. விரல் நீளம்கூட இல்லை. கண்ணாடியில் செய்த பல்லி மாதிரி ஒன்று. கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு போன்ற செவுள்கள். உடம்புக்குள் குடல் இழை தெரிந்தது, ஏதோ துடிப்பதும் தெரிந்தது. ஒன்றைப் பார்த்த பிறகு இன்னொன்று. பிறகு நூறு. குளம் முழுக்க அவை ஒன்றுமே செய்யாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நீர்ப்பல்லி," என்றார் அல்ரிக் கிசுகிசுப்பாக. "பெருசுல கறுப்பா, முதுகுல சீப்பு மாதிரி இருக்கும். ஒவ்வொரு முட்டையையும் தாய் தனித்தனியா இலையில மடிச்சு வெக்கும். காலால மடிக்கும். ஏப்ரல்ல பூரா உக்காந்து பார்த்தேன். ஆகஸ்ட்லதான் இதுகளுக்கு நுரையீரல் வரும். அதுக்கு முன்னாடி தண்ணி போச்சுன்னா…"

குன்வி கையைத் தண்ணீரில் விட்டாள். அடியில் வளர்ந்த பாசி சொரசொரப்பாக, சுண்ணாம்புத் தோல் போர்த்தி இருந்தது. இரண்டு நாளாக அவள் கதவிலிருந்து கரைத்து எடுத்ததேதான்.

"என் பங்குத் தண்ணிதான் இது," என்றார் அவர். "நான் கடல்லதான் குளிக்கறேன், மே மாசத்துலேருந்து. துணியும் அங்கதான் அலசறேன், உப்போட உடுத்தறேன். சமைக்கறது ஒரு வேளை. மிச்சமானதை விடியல்ல அரை மணி நேரம் இங்க விடறேன். ஆனா குழாய் கூடாதுன்னு எழுதினவனே நான்தான். வேலிக்கு வெளிய நின்னுக்கிட்டு அந்தப் பொண்ணோட பூவைச் சாக வெச்சவனும் நான்தான். வாளியில தூக்கிட்டு எறங்க முழங்கால் ஒத்துழைக்கல. இப்படி ஒரு பத்தி அந்தத் தாள்ல எழுதியிருக்கலாம். வெட்கமா இருந்துது. கெழவன் பல்லிக்குத் தண்ணி ஊத்தறான்னு சிரிப்பாங்கன்னு."

குன்வி தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு கண்ணாடிக் குஞ்சு அவள் விரல் நுனிக்கு வந்து, மோந்து, விலகிப் போனது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது. அவர் "திரும்பி வா" என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

படியேறும்போது, "நான் மைவோர்கிட்டச் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"நீ சொல்லாட்டி நான்தான் சொல்லணும்," என்றார் அல்ரிக்.

மறுநாள் வெள்ளி, நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய நாள். கடை முன்னால் ஐஸ்கிரீமுக்கு வரிசை. பூ வளையம் சூடிய பிள்ளைகளுக்கு நடுவே அல்ரிக் சைக்கிள் பட்டையோடு நின்றார். குன்வி தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முறை வந்ததும், எல்லார் காதிலும் விழும்படி, குழாய், குழி, நீர்ப்பல்லி, விடியல் அரை மணி, ஒன்றுவிடாமல் சொன்னார். தாளில் இருப்பதைப் படிப்பதுபோலச் சொன்னார். மைவோர் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்தபடி பேச்சில்லாமல் நின்றாள்.

பிறகு, "எந்த ஐஸ்கிரீம் வேணும்?" என்றாள்.

"வனிலா."

கூம்பில் ஒரு உருண்டை வைத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்த பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. "என் டாலியா செத்துப்போச்சு, அல்ரிக்! பதினாலு செடி! எங்கம்மா கொடுத்த கிழங்குய்யா அது!"

"தெரியும்," என்றார் அவர். ஐஸ்கிரீம் அவர் மணிக்கட்டில் வழிந்தது. துடைக்கவில்லை.

அன்று மத்தியானம் மைவோர் கடையைச் சாத்திவிட்டுக் குன்வியிடம் வந்தாள். "தார்ப்பாய்க்கு அடியில இதுதானா?"

"ஆமா."

"என்கிட்ட மறைச்சிட்டியேடி."

"மறைச்சேன். நீ முந்தாநாளே பார்த்திருந்தா அவரா வந்து சொல்லியிருக்க முடியாது."

"அதையெல்லாம் யோசிச்சா மறைச்ச?"

குன்வி நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "இல்ல. யோசிக்கல. கை போயிடுச்சு," என்றாள். மைவோர் அவளை முறைத்துப் பார்த்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் காபி வரவில்லை.

சனிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. பிர்ச் கிளை கட்டிய நீலக் கார், பழுப்பு வயல்களுக்கு நடுவே கோயிலுக்குப் போனதைப் பார்த்தவர்கள், ஒரு துண்டு தண்ணீரே சாலையில் ஓடிவந்தது போல் இருந்தது என்றார்கள்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் அல்ரிக் தலைவர் பதவியை விட்டு எழுந்தார். வேறு யார் வருகிறீர்கள் என்று கேட்டால் கூட்டமே கூரையைப் பார்த்தது. யாரோ விளையாட்டாக மைவோரின் பெயரைச் சொல்ல, அத்தனை கையும் உயர்ந்துவிட்டது. அவள் ஒப்புக்கொண்டாள், கொஞ்சம் பயங்கரமான சந்தோஷத்தோடு. அவள் போட்ட முதல் தீர்மானம்: குழாய் யாருக்கும் கிடையாது. கல் குழிக்குத் தினமும் நான்கு வாளி உண்டு. அதை வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அல்ரிக் படியில் உட்கார்ந்து வாளியை எண்ணுவார், அவ்வளவுதான் அவர் வேலை.

குன்வி தன் தொட்டிகளைத் தட்டிப் பார்த்தாள். கடைசித் தொட்டியில் கால் பங்குதான் இருந்தது. ஜூலைக்குப் பதிவு செய்திருந்த ஒன்பது பேருக்கும் போன் போட்டு, "மழை வந்ததும் வாங்க," என்று சொன்னாள். ஒருவர் திட்டினார், இருவர் வேறிடம் போனார்கள். அவள் தன் முறை இல்லாத நாளிலும் காலையில் இரண்டு கேன் மழைநீர் எடுத்துக்கொண்டு குழிக்கு இறங்கினாள். ஊற்றிவிட்டு உடனே வந்துவிட வேண்டியதுதானே? வர மாட்டாள். கல்லில் அல்ரிக் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "கால் வந்துடுச்சு, அதோ," என்பார் அவர். "ரெண்டா நாலா?" என்பாள் அவள். ஜூலை நடுவில் கண்ணாடி உடம்புகளில் புகைபோல நிறம் ஏறத் தொடங்கியது. அவற்றின் உடம்புக்குள் பார்க்க முடிந்த கடைசி நாளை அவள் நினைவில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. மைவோர் நனைந்துகொண்டே வீடு வீடாகப் போய், தடை நீங்கியது என்று கதவைத் தட்டிச் சொன்னாள். தாள் போட்டாலே போதும் என்று யாரும் அவளிடம் சொல்லத் துணியவில்லை.

மாத முடிவில் ஒரு தூறல் நாள். ஒருவரின் காரை ஒப்படைக்க ஓட்டிக்கொண்டு போன குன்வி, குழிக்கு அருகே சாலை வளைவில் சட்டென்று நிறுத்தினாள். ஈரத் தாரில் தீக்குச்சி நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. கால் ஒவ்வொன்றையும் எடுத்து வைப்பதற்கு முன் யோசித்து யோசித்து வைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. புல்லோரத்தில் இன்னும் சில. அவள் இறங்கி, மழையில் நின்று, பின்னால் வந்த பால் லாரிக்குக் கையைக் காட்டினாள்.

"என்னாச்சு?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான் ஓட்டுநர்.

"ஒண்ணும் ஆகல. கொஞ்சம் நிறுத்துங்க, கடந்து போகட்டும்," என்றாள்.

அவன் இன்ஜினை அணைத்தான். மழை மட்டும் கேட்டது. கடைசி ஒன்று புல்லுக்குள் நுழைந்து, வால் நுனியும் மறையும்வரை குன்வி அங்கேயே நின்றாள்.